'கூட்டன் டாக்' சொன்ன கடை

2006ஆம் ஆண்டு ஜூலை 28, வெள்ளிக்கிழமை. யேர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. எங்கள் தெருவில் சில ஜன்னல்களில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடிகள் இன்னும் தொங்கின. ஊரிலோ, இலங்கையில், அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான மாவிலாற்று மதகுப் பிரச்சினை விமானக் குண்டுவீச்சில் வந்து நின்ற கிழமை அது. வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அந்தக் கலவரத்துக்குள்ளேதான் வேலை முடிந்து வந்த மனிசி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, வால்மார்ட் போகுதாம். மெட்ரோக்காரனுக்குக் கொடுத்திட்டாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"ரேடியோவிலை போச்சுது. பிறகு எங்களையெல்லாம் கூப்பிட்டும் சொன்னவை. வேலை போகாதாம். போர்டுதான் மாறுமாம்."

யேர்மனி முழுவதும் 85 கடைகள், 11,000 அளவில் ஊழியர்கள். உலகத்திலேயே மிகப் பெரிய சில்லறை வியாபார நிறுவனம், கடைகளை யேர்மன் நிறுவனமான மெட்ரோவிடம் விட்டுவிட்டு, எட்டரை வருடங்களுக்குப் பிறகு பெட்டியைக் கட்டுகிறது. அதே வருடம் மே மாதம்தான் தென் கொரியாவில் இருந்த 16 கடைகளையும் விற்றிருந்தார்கள். அடுத்தநாள் பத்திரிகைகள் ஏறக்குறைய 100 கோடி டொலர் இழப்பு என்று எழுதின. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் மனதில் ஏறியது. அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தது அந்தக் கடை வாசலில் நின்ற ஒரு பெண்ணின் முகம்தான்.

அந்த முகம் எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்று சொல்லவேண்டுமானால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

நான் 1984 டிசம்பரில் வந்தவன். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின். அந்த நாளில் அங்கே இறங்கினால் ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போய்விடலாம். ஆயிரக்கணக்கான எங்கள் பெடியள் அந்த வழியால்தான் வந்தார்கள். அடுத்த வருடம் நடுப்பகுதியில் அந்தக் கதவு எங்களுக்குச் சாத்தப்பட்டுவிட்டது. பெர்லினிலிருந்து என்னை ரூர் பகுதிக்கு அனுப்பினார்கள். நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையுமாக இருந்த பூமி. பழைய பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் அறைக்கு ஆறு பேர். வேலை செய்ய அனுமதியில்லை. மாதம் ஒருமுறை சோஷல் காசு. அந்தக் காசைக் கொண்டு முதன்முதல் நாங்கள் போன கடை அல்டி.

நீட்டுக் குழல்விளக்கு வெளிச்சம். சாமான்களை றாக்கையில் எடுத்து அடுக்காமல், அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி அப்படியே வைத்திருப்பார்கள். மா என்றால் ஒரு மா, சீனி என்றால் ஒரு சீனி. எதை எடுப்பது என்று யோசிக்க இடமில்லை. அரிசி மட்டும் எங்களைக் குழப்பியது. சின்னச் சின்ன ஓட்டைப் பைகளில் அரிசியைப் போட்டு, பையோடு அவிக்கும்படி படம் போட்டிருந்தது. பருத்தித்துறைப் பெடியன் ஒருவன் அந்தப் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதென்ன கஞ்சி வடிக்கிற வேலையையும் இவங்களே செய்திட்டாங்களோ?" என்று கேட்டான். பையை வெட்டி அரிசியைக் கொட்டி, கழுவி, எங்கள் முறையில்தான் அவித்தோம்.

காசு கட்டுகிற இடத்தை இங்கே காஸா என்பார்கள். அல்டியின் காஸாவில் இருக்கிற பெண்களுக்கு விலையும் எண்ணும் எல்லாம் மனப்பாடம். சாமானைப் பார்ப்பார்கள், விரல் தன்பாட்டில் அடிக்கும். எங்கள் பக்கம் பொருட்கள் வந்து குவியும் வேகத்துக்கு எடுத்து வண்டிலில் போடவேண்டும். அங்கேயே நின்று பையில் அடுக்கினால் பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விடுவார். தொகையைச் சொல்வார்கள், மிச்சத்தைத் தருவார்கள், அடுத்த ஆளின் பால் பெட்டி ஏற்கெனவே நகர்ந்து வந்துகொண்டிருக்கும். யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. அது எங்களுக்கு மட்டும் காட்டிய முகமல்ல, ஊர்ச் சனத்துக்கும் அதே முகம்தான். அதை விளங்கிக்கொள்ள எனக்கு வருடங்கள் எடுத்தன. அந்த நாளில் எனக்குத் தெரிந்த கடை வேறு. எங்கள் ஊர்ச் சங்கக்கடையில் கூப்பன் மட்டையை நீட்டினால் மனேச்சர் மட்டையைப் பார்க்கமுன் முகத்தைப் பார்ப்பார். "என்ன தம்பி, கொம்மாவுக்கு இருமல் சுகமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சீனி நிறுப்பார். சிறிமா அம்மையார் பிரதமராக இருந்த காலத்தில் பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற பஞ்ச நாட்களில்கூட அந்தக் கேள்வி நின்றதில்லை.

நேரமும் எங்களுக்குப் பிடிபடவில்லை. இந்த நாட்டில் கடைகளை எப்போது பூட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. வார நாட்களில் மாலை ஆறரை, சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி, மாதத்தின் முதல் சனி மட்டும் கொஞ்சம் நீட்டு. ஞாயிறு முழு அடைப்பு. 1996 நவம்பரில்தான் வார நாட்களில் எட்டு மணிவரை திறக்க விட்டார்கள். அதற்கு எவ்வளவோ முன்னமே, எனக்கு உணவகச் சமையலறையில் சட்டி கழுவும் வேலை கிடைத்தபோது, ஒரு கிழமைக்கான சாமானை மனதுக்குள் கணக்குப் பார்த்து வாங்கப் பழகினேன். சனி இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மூடிய கண்ணாடிக் கதவின் முன்னால் நின்று, பாலில்லாத ஞாயிறுகளைக் கழித்தபிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது.

அல்டி இந்த மண்ணின் பிள்ளை. எஸ்ஸன் நகரத்தின் ஷொன்னபெக் பகுதியில் அல்பிரெக்ட் குடும்பத்துத் தாய் நடத்திய சின்னப் பலசரக்குக் கடைதான் அதன் வேர். சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த இடம். கார்ல், தியோ என்ற இரண்டு மகன்மாரும் யுத்தத்துக்குப் பிறகு அதை வளர்த்தார்கள். கடையில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற பிணக்கில் 1961இல் நாட்டையே வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள் என்பார்கள். வடக்கின் தலைமையகம் எஸ்ஸன், தெற்கினது பக்கத்து ஊரான மூல்ஹைம். ஊர்க் கிழவர்கள் இந்தக் கதையைச் சொந்தக் குடும்பக் காணிப் பிரிவினை மாதிரிச் சொல்வார்கள். குறைந்த விலை என்பது இங்கே வெறும் வியாபாரத் தந்திரமாக இருக்கவில்லை. யுத்தத்துக்குப் பிந்திய பட்டினியைக் கண்ட சனத்துக்கு அது ஒரு ஒழுக்கம். வங்கி மனேச்சரின் மனிசியும் அல்டியில்தான் பால் வாங்குவார், அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இந்த ஒழுக்கத்தின் நடுவில்தான் வால்மார்ட் வந்து இறங்கியது. 1997 டிசம்பரில் தெற்குப் பக்கம் இருந்த வெர்ட்கவுஃப் என்ற நிறுவனத்தின் 21 பெருங்கடைகளை வாங்கினார்கள். ஒரு வருடம் கழித்து இன்டர்ஸ்பாரின் 74 கடைகள். எங்கள் நகரத்தின் விளிம்பில் இருந்த இன்டர்ஸ்பாரும் அந்த 74இல் ஒன்று. வெளிறிப்போய்க் கிடந்த கட்டடத்துக்கு வெள்ளை அடித்து, நீல எழுத்துப் பலகை ஏற்றினார்கள்.

1999இல் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கப் போனோம். வாசலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்து, "கூட்டன் டாக். ஹெர்ஸ்லிஷ் வில்கொம்மன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பதினைந்து வருடமாக இந்த நாட்டில் இருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், பத்திரத்தை நீட்டியிருக்கிறார்கள். வேலைத்தலத்தில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் என்னைத் தெரியாத ஒருவர், என்னிடம் எந்தப் பத்திரமும் கேட்காமல், மனமுவந்து வாருங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சம்பளத்துக்குத்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியிருந்தும் அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. நானும் "கூட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னேன். சின்னவளும் சொன்னாள்.

எங்கள் மேல்மாடியில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தார். மனைவி இறந்தபிறகு தனிக்கட்டை. தன் பேரனின் பழைய சைக்கிளை என் மகனுக்குத் தந்தவர், மாடிப்படியில் கண்டால் ஒரு தலையசைப்போடு போகிறவர். அவர் ஒருமுறை அந்தக் கடைக்குப் போய் வந்து என்னிடம் முறையிட்டார். "நான் பால் வாங்கப் போனேன். வாசலில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு அவளைத் தெரியாது. ஏன் சிரிக்கிறாள்? காஸாவில் ஒரு பெடியன் என் சாமானைத் தொட்டுப் பையில் போடுகிறான். என் சாமானை ஏன் அவன் தொடவேண்டும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவருடைய உலகத்தில் ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை, அவனை அவன்பாட்டில் விடுவது. சிரிப்பு என்பது தெரிந்தவருக்குக் கொடுப்பது. தெரியாதவர் சிரித்தால் ஏதோ விற்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். அது பிழையான கணக்கென்றும் சொல்லமுடியாது. பத்தடிக்குள் வாடிக்கையாளர் வந்தால் ஊழியர் சிரித்து விசாரிக்கவேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் அமெரிக்க விதி. சில ஆண்கள் அந்தச் சிரிப்பை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் அப்போது பத்திரிகைகளில் வந்தது.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் மனிசிக்கு அங்கேயே 630 மார்க் வேலை கிடைத்தது. மாதம் 630 மார்க்குக்கு மேற்படாத சின்ன வேலைகளுக்கு அந்த நாளில் அதுதான் பெயர். கடை திறக்கமுன் றாக்கைகளை நிரப்புகிற வேலை. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுவாள். முதல்நாள் வேலை முடிந்து வந்து, மார்பில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள். அதில் அவளுடைய பெயர் இருந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்கக்கூடும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இந்த நாட்டுப் பத்திரங்களில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்பாமல் விடமுடியாது. ஆகவே என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராயிற்று. மருத்துவரின் அறையில் திரு என்ற பொருளில் "ஹெர்" என்று சொல்லி இறந்துபோன அப்பாவைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். மனிசி திருமதி என்று பொருள்படும் "ஃபிராவ்" என்ற சொல்லோடு என் பெயரைச் சுமந்தாள். 1991இல் வந்ததிலிருந்து பள்ளிக்கூடத்திலும் நகரசபையிலும் அயலிலும் எவரும் அவளை அவள் பெயரால் கூப்பிட்டதில்லை. இந்தக் கடையில் முதல் பெயர்தான். வயதான யேர்மன் ஊழியர்கள் பலருக்கு அது ஒவ்வவில்லை. நெடுங்காலம் கூட வேலை செய்தபிறகுதான் ஒருவரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கத்தைய வழக்கம். சிலர் கடைசிவரை "ஃபிராவ்" என்றேதான் அழைத்தார்கள். ஆனால் என் மனிசிக்கு அது சொந்தப் பெயர் திரும்பிக் கிடைத்த இடம்.

விடியற்காலையில் எல்லோரையும் கூட்டி, கைதட்டி, கடையின் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்துகிற வழக்கமும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சிலருக்குக் களஞ்சிய அறையில் வேலை வந்துவிடும் என்று சொல்வாள். யேர்மனியில் வரிசையாக நின்று ஒரே குரலில் கத்துவதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அந்த மனிதர்களின் தகப்பன்மார் அப்படி நின்றவர்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். மனிசிக்கு அந்தப் பாரம் இல்லை. "எங்கடை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலை இல்லப் பேரைச் சொல்லிக் கத்துவம் எல்லே, அப்பிடித்தான்" என்றாள்.

தலையணை உறைக் கதையையும் சொல்லவேண்டும். யேர்மன் தலையணை எண்பதுக்கு எண்பது சென்ரிமீற்றர், சரியான சதுரம். வால்மார்ட் அமெரிக்க அளவில் நீளவாக்கு உறைகளை வரவழைத்திருந்தது. இங்கத்தைய தலையணைக்கு அவை பொருந்தாமல் குவிந்து கிடந்தன என்பது பிறகு உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி. மனிசி கழிவு விலையில் நான்கு வாங்கிவந்தாள். மாமி ஊரிலிருந்து இலவம் பஞ்சு அடைத்துக் கொடுத்துவிட்ட தலையணைகள் எங்களிடம் இருந்தன, நீளவாக்கில். அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த உறைகள் பொருந்தின. யாழ்ப்பாணத்துத் தலையணைக்கு அமெரிக்க உறை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மையில்லை. அந்தக் கடையில் வேலை செய்தோம், சப்பாத்து வாங்கினோம், பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினோம். பால், மா, சீனி, எண்ணெய், வெண்ணெய் எல்லாம் அல்டியில்தான் வாங்கினோம். சனிக்கிழமை அங்கே வணக்கத்தை வாங்கிக்கொண்டு, திரும்பிவரும் வழியில் வணக்கம் சொல்லாத கடையில் வண்டிலை நிரப்பினோம். எங்கள் வீட்டிலிருந்து அல்டிக்கு நடந்து எட்டு நிமிடம். மற்றதற்கு பஸ் ஏறவேண்டும். விலையிலும் அல்டியை அடிக்க முடியவில்லை. எழுநூறு வகைச் சாமானை மட்டும் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கிளைகளுக்காக மொத்தமாக வாங்குகிறவனோடு, பல்லாயிரம் வகைச் சாமானை 95 கடைகளில் பரப்பி வைத்திருப்பவன் எப்படிப் போட்டி போடுவது? அந்த 95 கடைகளும் இரண்டு வேறு நிறுவனங்களிடம் வாங்கியவை, நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடந்தவை. புதிதாகப் பெருங்கடை கட்டவும் இந்த நாட்டின் நிலப் பயன்பாட்டுச் சட்டம் இலேசில் விடாது.

விலையைத் தாக்கத்தான் செய்தார்கள். 2000ஆம் ஆண்டு கோடையில் பால், சீனி, மா போன்ற அடிப்படைச் சாமான்களின் விலை ஒருவரையொருவர் பார்த்து இறங்கிக்கொண்டே போனது. சனம் மகிழ்ந்தது. செப்டெம்பரில் கூட்டாட்சிப் போட்டி ஒழுங்கு அலுவலகம் தலையிட்டு, வால்மார்ட்டையும் அல்டியின் வடக்குப் பகுதியையும் இன்னொரு மலிவுக் கடைச் சங்கிலியான லிடிலையும் பார்த்து, வாங்கிய விலைக்குக் கீழே தொடர்ந்து விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. 2002இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் வால்மார்ட் வழக்கில் அந்த அலுவலகத்தின் பக்கம் நின்றது.

போட்டி அலுவலகத்தின் உத்தரவு வந்த கிழமை, டோட்முண்டில் தமிழ்க்கடை வைத்திருந்த மச்சானிடம் போயிருந்தேன். ஒடியல் மா, சிவப்புப் பச்சை அரிசி, கருவாடு, வியாழக்கிழமைகளில் விமானத்தில் வந்திறங்கும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்.

"அத்தான், எனக்கு முருங்கைக்காயிலை பயமில்லை. அதை அவங்கள் விக்க மாட்டாங்கள். என்ரை சீனியையும் எண்ணெயையும்தான் பாக்கிறன். நான் மெட்ரோவிலை மொத்தமா எடுக்கிற விலையிலும் பாக்க அவன் கடையிலை சில்லறையாக் குறைச்சு விக்கிறான். நான் அவனிட்டை வாங்கி வித்தாலும் லாபம் வரும்" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவன் கண்ணில் சிரிப்பில்லை. அவனைப்போல ஆயிரம் துருக்கியரும் கிரேக்கரும் யேர்மன் சின்னக் கடைக்காரரும் இருந்தார்கள். பெரியவனின் பணப்பெட்டி ஆழமானது, நட்டத்துக்கு விற்றுச் சின்னவனின் மூச்சு நிற்கும்வரை காத்திருக்கலாம். அதைத் தடுக்க ஒரு சட்டமும் அதை நடைமுறைப்படுத்த ஒரு அலுவலகமும் இருந்தன. வாங்குகிறவனாக எனக்கு அந்த உத்தரவு நட்டம்தான். ஆனாலும் அது சரியான உத்தரவு என்றே இன்றைக்கும் சொல்வேன். மச்சானின் கடை இன்றும் இருக்கிறது, மகன் நடத்துகிறான்.

2005இல் வால்மார்ட் கொண்டுவந்த ஊழியர் நடத்தைக் கோவை வேறு விஷயம். இருபத்தெட்டுப் பக்கம். அமெரிக்கத் தலைமையகத்தின் விதிகளை யேர்மன் மொழியான டொச்சில் கொடுத்தார்கள். ஒருவர் மற்றவரின் வேலை நிபந்தனைகளில் செல்வாக்குச் செலுத்தக்கூடிய நிலையில் இருந்தால் அந்த இருவருக்குமிடையே காதல் கூடாது என்று அதில் இருந்தது. சக ஊழியர் விதியை மீறுவதைக் கண்டால் அறிவிக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தது. உலகத்துப் பத்திரிகைகள் காதல் தடையைப் பிடித்துக்கொண்டன. அதே நிறுவனத்தின் டோட்முண்ட் கிளையில் வெள்ளி மாலைகளில் தனியாட்கள் ஒருவரையொருவர் சந்திக்கவென்றே சிறப்பு விற்பனை நேரம் வைத்திருந்ததால் அந்தச் செய்திக்கு மேலும் சுவை கூடியது.

என்னை உறுத்தியது தொலைபேசி எண். எங்கள் ஊரில் சுற்றிவளைப்புக்களில் ஆட்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். முகத்தை மூடிய ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் தலையை ஆட்டினால் வரிசையில் இருப்பவனின் கதி முடிந்தது. தலையாட்டி என்ற சொல் அப்படித்தான் எங்கள் மொழிக்குள் வந்தது. யேர்மனியர்களுக்கும் அந்த அனுபவம் உண்டு, ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. ஹிட்லர் காலத்தில் ஒன்று. பெர்லின் மதில் விழும்வரை கிழக்கில் இன்னொன்று. கடை விஷயத்தையும் அந்தக் கொடுமைகளையும் நான் சமப்படுத்தவில்லை. எங்கள் கிளையில் யாரும் யாரையும் அறிவித்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றிப் போன் எடுத்துச் சொல் என்று இந்த மண்ணில் ஒரு காகிதத்தில் அச்சடிப்பதற்கு முன், இந்த மண்ணைத் தெரிந்த ஒருவரையாவது கேட்டிருக்கவேண்டும். இந்த நாட்டில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இருக்கும். நிர்வாகம் அதைக் கலந்துபேசாமல் இப்படியான விதிகளைக் கொண்டுவர முடியாது. அந்தக் குழு வூப்பர்டால் தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் கோவையின் பல பகுதிகளைத் தடுத்தது. அதே வருடம் நவம்பரில் டூசல்டோர்ஃப் மேல்நீதிமன்றம், காதல் விதி மனிதரின் அந்தரங்க உரிமையையே மீறுகிறது என்றது.

அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது மனிசி ஒன்று சொன்னாள். "நாங்களும் வெளியிலை இருந்து வந்தனாங்கள், அவங்களும் வெளியிலை இருந்து வந்தவங்கள். எங்களுக்கு இஞ்சத்தைய சட்டத்தைப் படிக்காமல் ஒருநாளும் இருக்கேலாது. அவங்களுக்கு அது ஏலுமா இருந்திச்சுது."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை எந்தப் பத்திரிகையிலும் வாசிக்கவில்லை. நான் டொச் படித்தது வகுப்பில் இல்லை, ஒரு இத்தாலியச் சமையற்காரரும் பொஸ்னியத் தொழிலாளி ஒருவரும் நின்ற சமையலறையில், சட்டி கழுவிக்கொண்டே. மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சத்தம் போடக்கூடாது என்று படித்தோம். வெள்ளைப் போத்தலை ஒரு தொட்டியிலும் பச்சையை இன்னொன்றிலும் போடப் படித்தோம். பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தைந்து என்று படித்தோம். படிக்காவிட்டால் வேலை இல்லை, விசா இல்லை. யேர்மன் வால்மார்ட்டின் முதல் தலைவராக வந்த அமெரிக்கருக்கு டொச் தெரியாது. வூப்பர்டாலில் இருந்த தலைமை அலுவலகத்தில் மேல்மட்டத்து மொழி ஆங்கிலமாயிற்று. தலைவர்களும் அடுத்தடுத்து மாறினார்கள். அவர்களிடம் இருந்த பணம் படிக்கவேண்டிய தேவையைத் தள்ளிப்போட்டது. எட்டரை வருடம் தள்ளிப்போட்டது.

வால்மார்ட் போனபிறகு எழுதியவர்கள் எல்லாம் சிரிப்பைத்தான் எழுதினார்கள். யேர்மனியருக்குச் சிரிக்கத் தெரியாது, அமெரிக்கருக்குச் சிரிக்காமல் இருக்கத் தெரியாது என்ற பாணியில் எத்தனையோ கட்டுரைகள். வணிகக் கல்லூரிகளில் பாடமாகவும் வைத்தார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலையில் தோற்றார்கள், இடத்தில் தோற்றார்கள், சட்டத்தைக் கேட்டு நடக்காததில் தோற்றார்கள். வாசலில் நின்ற அந்தப் பெண்ணால் அவர்கள் ஒரு சதமும் இழக்கவில்லை.

வாசலில் ஆள் நிறுத்துகிற வழக்கத்தை விற்பனைக்கு முன்னமே கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பெண் காஸாவுக்கு மாறியிருந்தார். மனிசியோடு நல்ல ஒட்டு. விற்பனைச் செய்தி வந்த அடுத்த கிழமை நான் மனிசியைக் கூட்டிவரப் போனபோது அவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். அப்போது வாசலில் நின்று வணக்கம் சொன்னீர்களே, மனதறிந்தா சொன்னீர்கள்?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முதல் மாதம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். வெட்கமாக இருந்தது. பிறகு முகங்கள் பழகிவிட்டன. நீங்கள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவீர்கள், சின்னவள் சிவப்பு மேலங்கி போட்டிருப்பாள். உங்கள் ஆட்களும் துருக்கிய ஆட்களும் திருப்பிச் சொல்வீர்கள். எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஒரு கிழவர் மட்டும் ஒரு வருடத்துக்குப் பிறகு தொப்பியைத் தூக்கினார்."

எங்கள் மேல்மாடிக்காரரோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவர் 2003இல் இறந்துபோனார்.

2007இல் நீலப் பலகையை இறக்கி ரெயால் என்ற பலகையை ஏற்றினார்கள். மெட்ரோவின் கடைச் சங்கிலி அது. மனிசி அங்கேயே தொடர்ந்தாள், பெயர்ப் பட்டையில் "ஃபிராவ்" என்று என் பெயர் திரும்பவும் வந்தது. மெட்ரோவும் 2020இல் ரெயாலை விற்றது. வாங்கியவர்கள் கிளைகளைத் துண்டு துண்டாக மற்ற நிறுவனங்களுக்குக் கைமாற்றினார்கள். மிஞ்சியிருந்த கடைசிக் கிளைகள் 2024 மார்ச்சில் பூட்டப்பட்டதோடு அந்தப் பெயரும் இல்லாமல் போயிற்று.

நாங்கள் 1985இல் முதன்முதல் போன அல்டி அதே மூலையில் இருக்கிறது. கட்டடத்தைப் பெரிதாக்கி, அட்டைப் பெட்டிகளைக் குறைத்து, பாண் சுடும் அடுப்பும் வைத்திருக்கிறார்கள். காஸாவில் இருக்கும் பிள்ளைகள் இப்போது "ஹலோ" என்கிறார்கள், மிச்சக் காசைத் தரும்போது நல்ல நாளாகட்டும் என்றும் சொல்கிறார்கள். நானும் மனிசியும் திருப்பிச் சொல்கிறோம்.